முப்பத்தாறு கணினிகளும் ஒரு நீலக் கேபிளும்

கோத்தகிரியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்து ஏழு வருடங்களாகின்றன. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு மேலே வந்தவள், அவர் தேறிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். பிரிண்டருக்கு மை நிரப்புவது, ஈரம் ஏறிய மதர்போர்டைக் காயவைப்பது, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் பில் போடும் கணினியைச் சரிசெய்வது என்று பிழைப்பு ஓடுகிறது. கடந்த தீபாவளி முடிந்த வாரம் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கணினி அறையில் முப்பத்தாறு கணினிகள். ஏதோ நிறுவனம் பயன்படுத்திவிட்டு நன்கொடையாகக் கொடுத்தவை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பராமரிப்பு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இவற்றில் இல்லை. “நல்லாத்தானே ஓடுகின்றன, தூக்கியா போடுவது?” என்று தலைமையாசிரியை கேட்டார். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடங்கள் ஓடும், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கும் பைத்தான் நிரல்மொழிக்கு அது தாராளமாகப் போதும் என்றேன். கணினிக்கு 500 ரூபாய், மொத்தம் 18,000. மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். பதினான்கு நாட்கள் ஆயின.

எங்கே தப்புச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பென்டிரைவ்களை வைத்து, ஒரே நேரத்தில் மூன்று கணினிகள், ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தால் பன்னிரண்டு சுற்று, எட்டு மணி நேரம். ஒன்றரை நாளில் முடிந்திருக்கும். நான்தான் அறிவாளியாயிற்றே! கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு கணினிகளில் தானாக இயங்குதளம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அதை அமைத்தவர் வேறொருவர் என்பதும், அவர் அதற்கு எத்தனை மாதம் உழைத்தார் என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

முறை என்னவோ கேட்கும்போது எளிதுதான். கணினி எழுந்ததும் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்காமல் நெட்வொர்க் கேபிள் வழியே “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், எதைப் படித்து எழ வேண்டும் என்றும் சொல்லுங்கள்” என்று கூவும். இதற்கு பிஎக்ஸ்இ என்று பெயர். முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவை, ஐபி எண்ணோடு சேர்த்து ஒரு கோப்பின் பெயரையும் சொல்லும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்னும் பழைய, மெதுவான வழியில் கணினி இறக்கிக்கொள்ளும். அது லினக்ஸின் கருவையும் நிறுவும் நிரலையும் கொண்டுவரும். நிறுவும் நிரல் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள், அதாவது எந்த மொழி, எந்த நேரமண்டலம், எந்த டிஸ்க், என்ன கடவுச்சொல் என்பவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த விடைக் கோப்பு ஒன்றை அது படித்துக்கொள்ளும். யாரும் விசைப்பலகையைத் தொட வேண்டியதில்லை. டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் செய்துவிடும். ஆகவே என் பழைய மடிக்கணினி ஒன்று போதும் என்று கிளம்பினேன்.

முதல் இரவு உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் போயிற்று. அதன் இப்போதைய நிறுவும் முறை நெட்வொர்க் வழியாக எழும்போது முழு நிறுவல் கோப்பையும் (ஐஎஸ்ஓ) நினைவகத்துக்குள் இறக்கிக்கொள்கிறது. டெஸ்க்டாப் பதிப்பின் கோப்பு ஐந்து ஜிபிக்கு மேல். இந்தக் கணினிகளில் இருப்பதோ நான்கு ஜிபி. பாதியில் திணறி நின்றுவிடும். இரவு ஒரு மணிக்கு அதை விட்டுவிட்டு டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்கு மாறினேன். அதன் நிறுவும் நிரல் சிறியது, தேவையான நிரல் தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கும். நினைவகம் குறைந்த இயந்திரங்களுக்கு அதுவே சரி.

மறுநாள் காலை மடிக்கணினியைப் பள்ளியின் ஸ்விட்சில் (கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகிய பத்தாவது நிமிடம் அலுவலகத்தில் இணையம் நின்றது. பள்ளி நெட்வொர்க்கில் ஏற்கெனவே பிராட்பேண்ட் ரவுட்டர் ஒன்று முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் கதவைத் திறந்து இரண்டு விதமாக வழி சொன்னால் விருந்தாளி என்ன செய்வார்? ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு, கோப்பின் பெயரை மட்டும் கூடுதலாகச் சொல்லும்படி டிஎன்எஸ்மாஸ்க்கை அமைக்க ஒரு வழி உண்டு. ஆனால் யாருடைய நெட்வொர்க்கோ அதில் கைவைக்காமல், வேலைக்கென்று தனி ஸ்விட்ச் கொண்டுபோவதுதான் நல்லது. எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. அப்போதைக்கு, அலுவலகத்துக்குப் போகும் நீல நிறக் கேபிளைக் கணினி அறை ஸ்விட்சிலிருந்து பிடுங்கித் தொங்கவிட்டேன். மாலையில் போகும்போது மீண்டும் செருகிவிடுவதாக அலுவலக எழுத்தரிடம் சொன்னேன். அந்தக் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு நாட்கள் கறுப்புத் திரையையும் அதில் வந்த பிழை எண்களையும் பார்த்தபடியே கழிந்தன. இந்த எண்களை யாராவது முன்பே விளக்கியிருந்தால் என் தலைமுடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பிஎக்ஸ்இ-இ51 என்றால் முகவரி கொடுக்க யாருமே பதில் சொல்லவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயரும் தெரியும், ஆனால் டிஎஃப்டிபி கதவு திறக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது இ32. என் மடிக்கணினியின் தீச்சுவரே (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் பாதுகாப்பு நிரல்), டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69-ஆம் வாயிலை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்ததும் சில கணினிகள் எழுந்தன. சிலவற்றில் இ51. அதுவும் நிலையாக இல்லை; ஒரு முறை வரும், மறுமுறை வராது. கேபிளை மாற்றினேன், கிளிப்பை மீண்டும் அடித்தேன், துளையை மாற்றினேன். ஒன்றரை நாள்.

கடைசியில் பிடிபட்டது வேடிக்கையாக. கேபிள் எட்டாத ஒரு கணினிக்கு, கடையிலிருந்து கொண்டுவந்த எட்டுத் துளை மலிவு ஸ்விட்சை நடுவில் போட்டேன். அது முதல் முயற்சியிலேயே எழுந்தது! பள்ளியின் ஸ்விட்ச் எங்கோ பெரிய அலுவலகத்தில் இருந்து வந்தது. நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ வசதி அதில் இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு துளையில் உயிர் வந்ததும் உடனே வழிவிடாமல் பதினைந்து விநாடி கேட்கும், பதினைந்து விநாடி கற்கும், பிறகுதான் தரவை அனுமதிக்கும். இந்த முப்பது விநாடிக்குள் கணினி கூவிக் கூவிக் களைத்து, யாருமில்லை என்று முடிவுகட்டிவிடும். நடுவில் மலிவு ஸ்விட்ச் இருந்தபோது பெரிய ஸ்விட்சின் துளை எப்போதும் உயிரோடு இருந்ததால் சிக்கல் இல்லை. இணைந்தவுடனே வழிவிடும்படி துளைகளை மாற்றியமைக்கலாம். அதற்கான கடவுச்சொல் யாரிடமும் இல்லை. மழையில் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போய், எந்தப் புத்திசாலித்தனமும் இல்லாத பதினாறு துளை ஸ்விட்ச் ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். போக்குவரத்து, சாப்பாடு 700. ஒரு நாள் போயிற்று. சில கணினிகள் எழுகின்றன, சில எழவில்லை, அதுவும் மாறி மாறி என்றால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் நடுவே ஒரு மலிவு ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கணினிகளின் சாதிப் பிரச்சினை. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல், இருபத்திரண்டில் பழைய பயாஸ் வகை, பதினான்கில் புதிய யுஇஎஃப்ஐ வகை. இரண்டுக்கும் எழும் கோப்பு வேறு. பயாஸுக்கானதை யுஇஎஃப்ஐக்குக் கொடுத்தால் “கோப்பு வெற்றிகரமாக இறங்கியது” என்று மங்களகரமாகச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றுவிடும். பிழை என்று சொன்னாலாவது தேடலாம். வெற்றி என்று சொல்வதை எங்கே போய்த் தேடுவது? நல்லவேளை, முகவரி கேட்கும்போதே 93-ஆம் குறிப்பில் தன் வகையைக் கணினி சொல்லிவிடுகிறது. பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ பெரும்பாலும் 7. அதைப் பார்த்து ஆளுக்கேற்ற கோப்பைக் கொடுக்கும்படி டிஎன்எஸ்மாஸ்க்கில் இரண்டு வரி எழுதினால் போதும்.

இதற்கிடையே மலைக்கே உரிய தொல்லைகள். ஐப்பசி மழையில் மூடுபனி ஜன்னல் வழியே வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். நான்கு கணினிகள் திரையே காட்டாமல் மூன்று முறை பீப் ஒலி எழுப்பின. நினைவகத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறப் பற்களில் பழுப்பு படிந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பையனிடம் ரப்பர் வாங்கி, பென்சில் எழுத்தை அழிப்பதுபோல் மெதுவாக இருபுறமும் தேய்த்து, தூசியை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டுச் செருகினேன். நான்கும் எழுந்தன. ரப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் ஒரு முனை கறுத்திருந்தது. அவன் அதை நண்பர்களிடம் காட்டிக்கொண்டிருந்தான். பாதிக்கு மேற்பட்ட மதர்போர்டுகளில் பொத்தான் பேட்டரி செத்துப் போயிருந்தது. அதனால் தேதி பல வருடம் பின்னால் நின்றது. தேதிதானே என்று விட்டேன். நிறுவல் பாதியில் நின்றது. இறக்கும் தொகுப்புப் பட்டியலில் இருக்கும் தேதி, கணினியின் பார்வையில் எதிர்காலத்தில் இருப்பதால் “இது இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று மறுத்துவிட்டது. இருபத்துநான்கு பேட்டரிகள், ஒன்று 25 ரூபாய், மொத்தம் 600. வேலையை எடுக்குமுன் பத்துக் கணினிகளையாவது திறந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

விடைக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முன்பே விடைத்தாளை எழுதி வைப்பதுபோல் அது. வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறோம். டிஸ்க் பெயர் எஸ்டிஏ (லினக்ஸ் வழக்கமாக முதல் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்) என்று எழுதினேன். மூன்று கணினிகளில் என்விஎம்இ என்ற புது வகை டிஸ்க் இருந்தது, அதற்குப் பெயரே வேறு. ஐந்தில் எஸ்எஸ்டியோடு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்பது ஒவ்வொரு முறை எழும்போதும் மாறக்கூடும். பெயரை நம்பாமல், இருப்பவற்றின் அளவைப் பார்த்துச் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் சிறு கட்டளையை விடைக் கோப்பிலேயே எழுதிய பிறகுதான் நிம்மதி. இன்னொன்று: முதலில் கடவுச்சொல்லை அப்படியே எழுதியிருந்தேன். கோப்பு நெட்வொர்க்கில் யாரும் திறக்கக்கூடியதாக இருந்தது. ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி உலாவியில் அந்த முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்கள் கடவுச்சொல் உங்கள் கடைப் பெயர்தானே?” என்று கேட்டாள். அன்றே மாற்றி, மறைகுறியாக்கி எழுதினேன்.

ஐந்தாம் நாள் முதல் கணினி முழுதாக, கை படாமல், நிறுவத் தொடங்கியது. எதிரே டீக்கடைக்குப் போய்ச் சூடாக வர்க்கி தின்று, டீ குடித்து, கணவருக்குப் போன் செய்து பெருமையடித்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தேன். இன்னும் நிறுவிக்கொண்டே இருந்தது. மெதுவான இயந்திரம் போல என்று உட்கார்ந்தேன். நூறு விழுக்காட்டைத் தொட்டது, மறுபடி எழுந்தது, நெட்வொர்க்கைக் கூவியது, என் மடிக்கணினி கடமை தவறாமல் நிறுவும் நிரலைக் கொடுத்தது, டிஸ்க்கை அழித்து மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மடிக்கணினியின் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்றாவது முறையாக நிறுவிக்கொண்டிருந்தது. எழும் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தால் இதுதான் கதி. அன்று சிரித்தேன். மறுநாள் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முந்தைய மாலை மடிக்கணினியை அணைக்காமல் யுபிஎஸ்ஸில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். தொகுப்புகள் இரவில் இறங்கட்டும் என்று ஆசை. ஒரு கணினிக்கு ஒரு ஜிபிக்கு மேல் இறங்குவதை முப்பத்தாறு முறை பள்ளியின் இணையத்தில் இறக்க முடியாது. ஒரு முறை இறக்கி மடிக்கணினியில் சேமித்து வைத்து, மற்றவற்றுக்கு அங்கிருந்தே கொடுப்பதற்கான ஏற்பாடு அது. அதுவரை நல்ல யோசனைதான். ஆனால் நீலக் கேபிளைச் செருகுவதாகச் சொல்லியிருந்தேனே, அதை மறந்துவிட்டேன். காலையில் அலுவலகத்தில் இணையம் இல்லை என்றதும், உதவியாளர் அண்ணன் கணினி அறைக்கு வந்து, தொங்கிய கேபிளைப் பார்த்து, பாவம், நல்லெண்ணத்தில் செருகிவிட்டார். நான் ஒன்பதரைக்குப் போனபோது எழுத்தர் வராந்தாவிலேயே நின்றிருந்தார். “ஏம்மா, என் கணினியில் நீலமாக ஏதோ ஓடுகிறதே, என்னுடையதையும் மாற்றச் சொன்னார்களா?”

ஓடினேன். டெபியனின் நீலத் திரை. நாற்பத்து மூன்று விழுக்காடு. மின்கம்பியைப் பிடுங்கினேன். அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. டிஸ்க்கைப் பிரித்து வடிவமைத்து, மேலே எழுதவும் தொடங்கியிருந்தது. எப்படி நடந்தது என்று பிறகு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய கணினியிலும் பொத்தான் பேட்டரி செத்துப் போயிருந்தது. “தினமும் காலையில் எஃப்1 அழுத்தச் சொல்லும், அழுத்துவேன், வந்துவிடும்” என்றார். மாலையில் மின்சாரத்தை அணைத்ததும் அமைப்பெல்லாம் மறந்துபோகும். காலையில் தொழிற்சாலை வரிசைப்படி முதலில் நெட்வொர்க்கைத்தான் அது கேட்கும். ஒரு வருடமாக ஒவ்வொரு காலையும் அந்தக் கணினி “யாராவது இருக்கிறீர்களா” என்று கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பதில் வராததால் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. அன்று காலை நான் பதில் சொல்லிவிட்டேன்.

அதில் கட்டணக் கணக்கு இருந்தது. கடைசியாகப் பென்டிரைவில் எடுத்து வைத்தது ஜூலை மாத இறுதியில். டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போய் இரண்டு இரவு மீட்புக் கருவிகளை ஓடவிட்டேன். பழைய சுற்றறிக்கைகளும் ஆண்டு விழாப் படங்களும் பெயரில்லாமல் எண்களாக வந்தன; கணக்கு வரவில்லை. தலைமையாசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுத்தர் மட்டும் ரசீதுப் புத்தகங்களின் கார்பன் நகல்களை அடுக்கி எடுத்து வந்து, “உட்காரும்மா, நீ படி, நான் அடிக்கிறேன்” என்றார். நான்கு நாட்கள். ஈரத்தில் கார்பன் மை ஊறி, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்த ரசீதையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்தில் பேனா அழுத்திய தடத்தை விரலால் தடவிப் படித்தேன். இரண்டாம் நாள் மாலை வரை கணவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு செய்தவற்றை முதலிலேயே செய்திருக்க வேண்டும். என் பட்டியலில் இருக்கும் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் அட்டைக்கும் உரிய தனி எண்) தவிர வேறு யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று டிஎன்எஸ்மாஸ்க்குக்கு ஒரே வரியில் சொல்லலாம். முப்பத்தாறு முகவரியை எப்படிச் சேகரிப்பது என்று மலைக்க வேண்டாம். கணினிகளை மேசை வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுப்பினால் பதிவேட்டில் அதே வரிசையில் முகவரிகள் விழும். அதை வைத்தே மேசைக்கொரு பெயரும் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் எல்லாக் கணினிக்கும் ஒரே பெயர் வந்து இன்னொரு குழப்பம். எழும் பட்டியலில் முதல் தேர்வு எப்போதும் சொந்த டிஸ்க்காக இருக்கட்டும். நிறுவ வேண்டிய கணினிக்கு மட்டும் பெயர் சொல்லி நிறுவலைத் திறந்துவிடுங்கள். நிறுவல் முடியும் கடைசி வரியில் அந்தக் கணினியே மடிக்கணினிக்கு “முடிந்தது” என்று தெரிவித்துத் தன் பெயரை நீக்கிக்கொள்ளும்படி எழுதினால் அந்த மூன்று முறைக் கூத்து வராது. கிளம்பும்போது டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்துங்கள். முதலில் வேலை செய்ய வேண்டிய கட்டடத்தில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் பன்னிரண்டு கணினிகளை ஒன்றாக எழுப்ப, அறையின் எம்சிபி (மின்சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. ஆறு ஆறாகப் பிரித்தேன். ஒரு சுற்று முப்பத்தைந்து நிமிடம், ஆறு சுற்று, மூன்றரை மணி நேரத்தில் முப்பத்தாறும் முடிந்தன. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மீதி இரண்டு நாள் பிரிண்டருக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கும் போயின. பில்லில் நானாக 3,000 குறைத்துக்கொண்டேன். செலவெல்லாம் போகக் கையில் நின்றது 9,500. நாளைக்கு எழுநூறுகூட வரவில்லை, கடை பூட்டிக் கிடந்தது தனி. இருபது கணினிக்குக் கீழே, ஒரே ஒரு முறை வேலை என்றால் இப்போதும் பென்டிரைவைத்தான் எடுக்கிறேன். அடிக்கடி அழித்துப் போட வேண்டிய ஆய்வகம் என்றால் இந்தப் பாடுபடலாம்.

பிரிண்டர் மை நிரப்ப மாதம் ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போகிறேன். எழுத்தருடைய கணினிக்குப் புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது, எஃப்1 கேட்பதில்லை. இருந்தாலும் நான் பையோடு வாசலில் நுழைவதைப் பார்த்ததும் அவர் எழுந்து, நீலக் கேபிளைத் தன் பக்கத்துச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி, இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டீ சொல்கிறார்.